என் டிவிடி பெட்டி சொன்னது சரிதான்

எங்கள் சொந்தத்தில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆகவே நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. என் அண்ணன் கல்யாணத்தில் பொள்ளாச்சி மாமாவுக்கு மனவருத்தம் ஏற்பட்டது.

2. அந்த வருத்தம் நியாயமா இல்லையா என்பதைக் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

3. வீடியோ கேசட்டாக வராமல் சிடியாக வந்தது.

4. நான் சொல்லி வாங்கிய டிவிடி பிளேயர், கூடம் நிறைய உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னிலையில், தன் வயிற்றுக்குள் சிடித் தட்டு எதுவும் இல்லை என்று அறிவித்தது.

5. இதில் என் தவறு எதுவும் இல்லை.

முதல் நான்கையும் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஐந்தாவதை நான் மட்டும்தான் ஏற்றுக்கொள்கிறேன். பரவாயில்லை. ஒரு விஷயம் சரியா தவறா என்பதைக் கைதூக்கச் சொல்லி எண்ணி முடிவு செய்வதில்லை என்றுதான் எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, மேட்டுப்பாளையம் ரோட்டில் பம்ப் மோட்டார்களுக்கு கன்ட்ரோல் பேனல் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீதியில் எந்த வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடாகாவிட்டாலும் "இஞ்சினீரு அம்மணிகிட்டக் குடுங்க" என்று என்னிடம் வந்துவிடும். (கிரைண்டர், ஃபேன், ஒருமுறை ஒரு குக்கர் மூடி. குக்கர் மூடியில் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.) பழுது பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் எதை வாங்குவது என்று யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. அதற்கெல்லாம் அப்பாவும் பக்கத்து வீட்டு செல்வராஜண்ணனும் வாசல் கேட்டோரம் நின்று பேசி முடிவெடுப்பார்கள்.

அப்படியிருந்த வீட்டில், "சிடி போட்டுப் பாக்கறதுக்கு ஒரு பொட்டி வேணும் கண்ணு. எது நல்லதுன்னு நீயே சொல்லு" என்று அப்பா முதல்முறையாக என்னிடம் கேட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு கேள்விக்குப் பதிலாக நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அப்பா முதல் வரியையும் கடைசி வரியையும் படித்துவிட்டு, "நடுவுல என்ன சொல்லியிருக்குது?" என்று கேட்டார்.

நடுவில் சொல்லியிருந்தது இதுதான். வீட்டில் படம் பார்க்க அதுவரை கேசட்டும் டெக்கும்தான். தோசைக்கல் அளவில் லேசர் டிஸ்க் என்று ஒன்று இருந்தது. அதை எங்கள் கல்லூரி லேபில் ஒரே ஒருமுறை கண்ணாடி அலமாரிக்கு வெளியே எடுத்துக் காட்டினார்கள். பிறகு விசிடி வந்தது. பாட்டு சிடியில் எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு இடத்துக்குள் படத்தை அமுக்கித் திணிப்பதுதான் விசிடி. அவ்வளவு சின்னப் பைக்குள் அவ்வளவு துணியைத் திணித்தால் கசங்காமல் என்ன செய்யும்? ஆட்கள் அசையாமல் நின்றால் ஓரளவு தெரிவார்கள். யாராவது ஓடினால், ஆடினால், கூட்டமாக வந்தால், படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். டிவிடி அப்படியில்லை. அதே அளவுத் தட்டுதான், ஆனால் பலமடங்கு இடம். முகத்தில் இருக்கும் வேர்வை வரைக்கும் தெரியும். விசிடி இரண்டு வருடத்தில் ஒழிந்துவிடும், வாங்கினால் டிவிடிதான் வாங்க வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்.

செல்வராஜண்ணன் எதிர்க்கட்சி. கிரைண்டர் கல் கொத்தும் பட்டறை வைத்திருந்த அவர், ஏற்கெனவே டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் பேர் தெரியாத சீனத்து விசிடி பிளேயர் ஒன்றை வாங்கி வந்து வீதியையே அதிரவைத்துக் கொண்டிருந்தார்.

"அம்மணி, நம்மதுல பாட்டுப் பாட ரெண்டு மைக்கு குத்தலாம். உங்க டிவிடியில குத்த முடியுங்களா?"

"முடியாதுங்கண்ணா. ஆனா படம் தெளிவா இருக்கும்."

"தெளிவா இருந்து என்னங்க பண்றது? எல்லா மூஞ்சியும் நமக்குத் தெரிஞ்ச மூஞ்சிதானுங்களே."

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அண்ணனின் சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது டிவிடி பிளேயரும் கூடவே வந்தது. அதன் விலையை அப்பா இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை.

இனி மாமா விஷயம்.

பொள்ளாச்சி மாமா என் அம்மாவுக்கு ஒரே அண்ணன். தென்னந்தோப்புக்காரர். விவசாய சங்கத்தில் இருப்பதால் தோளில் எப்போதும் பச்சைத் துண்டு கிடக்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று நம்புகிறோம். எங்கள் பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளைக்கு நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன் உரிமை. அதற்கு அவர் தானாக மேடை ஏறமாட்டார். மாப்பிள்ளையின் அப்பா இறங்கிப் போய், கையைப் பிடித்து, மேடைக்கு அழைத்து வர வேண்டும். அதுதான் மரியாதை.

அண்ணன் கல்யாணத்தில் அப்பா இறங்கிப் போனார். கையைப் பிடித்தார். அழைத்து வந்தார். இது அப்பா சொல்வது.

மாமா சொல்வது வேறு. யாரும் தன்னைக் கூப்பிடவில்லை, மேடைக்குப் பக்கத்தில் நின்ற கூட்டம் நெட்டித் தள்ளியதில் அழையாத ஆளைப்போலத் தானே மேலே ஏற வேண்டியதாகிவிட்டது என்பது அவர் கட்சி.

எங்கள் ஊர் மரியாதைப்படி, இதைச் சண்டை என்று யாரும் சொல்லவில்லை.

"நானுங்க ஒண்ணும் கோவிச்சுக்கலீங்க மாப்பிள்ளை" என்றார் மாமா அப்பாவிடம், கல்யாண மண்டபத்து வாசலிலேயே. "இனிமே உங்கூட்டுப் பக்கம் வரமாட்டனுங்க. அவ்வளவுதானுங்க."

"சரிங்க மச்சான். நானும் ஒண்ணும் நெனச்சுக்கலீங்க" என்றார் அப்பா.

இரண்டு பேரும் கைகூப்பிக்கொண்டு பிரிந்தார்கள். அதன்பிறகு மாமா வரவில்லை. தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. ஆனால் தோப்பில் தேங்காய் வெட்டும்போதெல்லாம் ஒரு மூட்டை மட்டும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். காந்திபுரத்தில் போய் இறக்கிக்கொண்டு வருவோம். அம்மா அந்த மூட்டையைப் பார்த்து அழுவார். அழுது முடித்துவிட்டுச் சட்னி அரைப்பார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை. அவருக்குப் பிறந்த வீடு என்றால் அந்த ஒரு மனிதர்தான்.

காங்கேயத்து சம்பந்தி, அதாவது அண்ணியின் அப்பா, எண்ணெய் மில் வைத்திருப்பவர். எதையும் பிழிந்து பார்த்துத்தான் பேசுவார். அவர்தான் வழி சொன்னார்.

"ஏனுங்க, இதுக்கு எதுக்குங்க இத்தனை பேச்சு? வீடியோக்காரன் முழு நேரமும் மேடையிலதானுங்களே நின்னான். போட்டுப் பாத்துப்போட்டா முடிஞ்சுதுங்க. கையைப் பிடிச்சிருந்தா பொள்ளாச்சிக்காரரு ஊட்டுக்கு வரட்டும். பிடிக்கலைன்னா நம்ம சம்பந்தி பொள்ளாச்சி போயி மன்னிப்புக் கேக்கட்டும்."

தூது போனது. மாமா சம்மதித்தார். ஒரு நிபந்தனை. அவர் வீட்டுக்குள் வரமாட்டார். வாசல் போர்டிகோவில் உட்கார்ந்து பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். வீடியோக்காரர்தான் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். "இப்பெல்லாம் யாருங்க கேசட் குடுக்கறாங்க? உங்களுக்குச் சிடிதானுங்க. மிக்சிங் எல்லாம் போட்டு சினிமா கணக்கா வரும்" என்று மாதக்கணக்கில் ஆசைகாட்டி வைத்திருந்தார். முதலில் எடுத்த கேசட்டின் மேல் வேறு யாருடைய கல்யாணத்தையோ எடுத்துவிட்டார் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

எந்தக் கருவியையும் சோதிக்காமல் மேடையேற்றும் ஆள் நான் இல்லை. டிவிடி பிளேயர் வந்தவுடனே அதோடு வந்த தட்டைப் போட்டுப் பார்த்தேன். அருவியும் பட்டாம்பூச்சியும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. கடையில் வாங்கிய பாட்டு சிடி போட்டேன். பாடியது. கடையில் வாங்கிய சினிமா விசிடி போட்டேன். அதையும் காட்டியது. மூன்று சோதனை, மூன்றிலும் தேர்ச்சி. சோதிக்காமல் விட்டது கல்யாண சிடியை மட்டும்தான். அது எப்போது என் கைக்கு வந்தது? ஞாயிறு காலை, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து காபி குடித்து முடித்தபிறகு, அண்ணன் காந்திபுரத்தில் ஸ்டுடியோ திறக்கும்வரை காத்திருந்து வாங்கிக்கொண்டு வந்தபோது. (ஐந்தாவது அம்சத்தை மறுப்பவர்கள் இந்த வரியை இன்னொருமுறை படிக்கலாம்.)

மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, பச்சைத் துண்டு. போர்டிகோவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

"அண்ணா, தண்ணி குடிங்ண்ணா" என்று அம்மா சொம்பை நீட்டினார்.

"இப்பத்தான் அம்மணி குடிச்சேன்."

"எங்கண்ணா குடிச்சீங்க?"

"பொள்ளாச்சியில."

இரண்டு பஸ் மாறி வந்த மனிதர். அம்மா சொம்போடு உள்ளே போய்ச் சமையலறையில் நின்றுகொண்டார்.

மாமாவுக்குத் தெரிய வேண்டும் என்பதால் டிவியை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். வாசலுக்கும் டிவிக்கும் நடுவில் யாரும் உட்காராதபடி, கூடத்தில் ஒரு பாதை விட்டு, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்களை உட்காரவைத்தேன். தேர் போகிற வீதி மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் தேர்ந்தெடுத்த கருவி ஒரு குடும்ப வழக்கில் சாட்சி சொல்லப் போகிறது!

தட்டை வைத்தேன். அடிப்பக்கம் கடைச் சிடிபோல வெள்ளியாக இல்லாமல் நீலமாக மின்னியது. உள்ளே போயிற்று. பெட்டி யோசித்தது. விர்ரென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் விர்ர். அப்புறம் டிவித் திரை முழுவதும், நீலப் பின்னணியில், வெள்ளை எழுத்தில்: நோ டிஸ்க்.

"என்ன சொல்லுதுங்க?" என்றார் சம்பந்தி.

"தட்டு இல்லைங்குதுங்க" என்றான் அண்ணன்.

"இப்பத்தானுங்களே வெச்சது?"

எடுத்தேன். துடைத்தேன். வைத்தேன். நோ டிஸ்க். முந்தானையால் துடைத்தேன், நோ டிஸ்க். அதற்குள் யோசனைகள் கிளம்பிவிட்டன. திருப்பிப் போடச் சொன்னார் ஒருவர். பெட்டி சூடாகட்டும், கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம் என்றார் இன்னொருவர். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் உள்ளே வடிந்திருக்குமோ என்று அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அம்மணி, ரெண்டாயிரம் பொறந்தா மெசினெல்லாம் நின்னு போகும்னு பேப்பர்ல போட்டிருந்தானுங்களே" என்றார் செல்வராஜண்ணன் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு. "உங்க பொட்டிக்கு அது இப்பவே வந்துருச்சாட்ட இருக்குது."

அப்போதுதான் எனக்குக் காரணம் புரிந்தது. புரிந்தவுடன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் இருபத்துமூன்று வயதில், ஒரு கூடம் நிறைய ஆட்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

எழுந்து நின்றேன். கடைச் சிடி அச்சில் வார்த்தது, அதில் நிஜமாகவே குழிகள் இருக்கும், ஸ்டுடியோ சிடி அப்படியல்ல, அதில் ஒரு சாயம் பூசி அந்தச் சாயத்தைச் சுட்டு எழுதியிருப்பார்கள் என்று ஆரம்பித்தேன். டிவிடி பிளேயரின் லேசர் வேறு நிறம், அந்த நிறத்துக்கு இந்தச் சாயம் கண்ணுக்கே தெரியாது என்று விளக்கினேன். ஆகவே பெட்டி பழுதில்லை, அது தன்னளவில் உண்மையைத்தான் சொல்கிறது என்று முடித்தேன். கூடத்தில் ஒரு சத்தமில்லை. கவனமாகக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

போர்டிகோவிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"அப்ப, உள்ள இருக்கறதையே இல்லைன்னு சாதிக்குதுங்களா?"

"ஆமாங்க மாமா."

"நம்ம மாப்பிள்ளை வாங்குன பொட்டிதானுங்களே."

அப்பாவின் முகம் போன போக்கை எழுத எனக்கு மனசில்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். அது அவர் கிளம்பப் போவதற்கு அடையாளம். சமையலறை வாசலில் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இன்றைக்கு இந்த மனிதர் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனால், இனி வரப்போவது தேங்காய் மூட்டை மட்டும்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஒரு நிமிசம் இருங்க" என்றார் செல்வராஜண்ணன். ஓடினார். திரும்பி வரும்போது கையில் அவருடைய சீனத்துப் பெட்டி, கழுத்தில் மாலைபோல வயர். மாமாவுக்குப் பெரிய கும்பிடு ஒன்று போட்டுவிட்டு உள்ளே வந்து, என் டிவிடி பிளேயரின் தலைமேலேயே தன் பெட்டியை வைத்தார். (அதற்கு இடமா இல்லை? பக்கத்தில் ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது.)

"நம்ம பொட்டி அவ்வளவா படிக்கலீங்க அம்மணி" என்றார் என்னிடம். "அதனால இல்லைன்னு சொல்லத் தெரியாதுங்க."

சொன்னதுபோலவே, அது எந்தக் கேள்வியும் கேட்காமல் படத்தைப் போட்டது.

தாமரைப் பூ ஒன்று விரிந்தது. அதற்குள்ளிருந்து அண்ணனும் அண்ணியும் சுற்றிக்கொண்டே வெளிவந்தார்கள். பிறகு இதய வடிவத்துக்குள் போனார்கள். பிறகு ஒரு புத்தகத்தின் பக்கங்களாகப் புரண்டார்கள். கூடம் கலகலப்பானது. "அதா நானு!" "சேலை எடுப்பா இருக்குதில்ல?" "என்னையச் சாப்பிடறப்பவா எடுக்கோணும்?" கல்யாண வீடியோ பார்ப்பவர்கள் கல்யாணத்தைப் பார்ப்பதில்லை, தங்களைத்தான் பார்க்கிறார்கள். மாமாவும் கிளம்பாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டம் கட்டும் நேரம் வந்தது.

மேடைக்குக் கீழே கூட்டம். வெள்ளை வேட்டி சட்டையில் அப்பா இறங்குகிறார். கொஞ்சம் தள்ளிப் பச்சைத் துண்டு தெரிகிறது. அப்பா அதை நோக்கிப் போகிறார். இது முக்கியமான இடம் என்று வீடியோக்காரருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்த நொடியில் அவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து ரோஜா இதழ்களைக் கொட்டினார். திரை முழுவதும் ரோஜா மழை!

கல்யாண சிடியும் விசிடிதான். அசைகிற கூட்டத்தையே தாங்காதது, ரோஜா மழையை எப்படித் தாங்கும்? மொத்தப் படமும் உடைந்தது. அப்பா ஒரு வெள்ளைக் கட்டமானார். மாமா ஒரு பச்சைக் கட்டமானார். சுற்றிலும் சிவப்புக் கட்டங்கள் கொட்டின. எல்லாம் அடங்கிப் படம் தெளிந்தபோது, மாமா மேடையில் நின்று பட்டம் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கத்தில், அடிக்கோடிட்ட இடத்தில், இதையேதான் சொல்லியிருந்தேன். அந்த நேரத்தில் அதை யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை. என் பொறுமைக்கு அது ஒரு உதாரணம்.

"கொஞ்சம் பின்னால போங்க" என்றார் மாமா. செல்வராஜண்ணன் பின்னால் போனார். மறுபடியும் ரோஜா.

"இன்னொருக்கா. அங்கயே நிறுத்துங்க."

படம் நின்றது. மாமா கண்ணைச் சுருக்கினார். எழுந்தார். நிலைப்படி வரை வந்து எட்டிப் பார்த்தார். "பச்சையா ஒண்ணு தெரியுது. நானாத்தான் இருக்கோணும்" என்று முணுமுணுத்தார். ஒரு அடி உள்ளே வைத்தார். இன்னொரு அடி. நான் விட்டு வைத்திருந்த தேர் வீதியில், காலில் செருப்போடு, டிவியை நோக்கி நடந்து வந்தார்.

கட்டம் கட்டமாக உடைந்த படத்தைத் தூரத்தில் நின்று பார்த்தால்தான் உருவம் கொஞ்சமாவது பிடிபடும். பக்கத்தில் போகப்போகக் கட்டம்தான் பெரிதாகும். இதை மாமாவிடம் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். "மாமா, பக்கத்துல வந்தா..." அதற்குமேல் பேச முடியவில்லை. எப்போது சமையலறையிலிருந்து வந்தாரோ தெரியாது, அம்மா என் கால்விரலை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். செருப்போடு வாசல்படி மிதித்த தபால்காரரையே திட்டுகிறவர், தன் அண்ணனின் செருப்புக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா டிவிக்கு ஒரு முழம் தூரத்தில் குனிந்து நின்றார். எல்லோரும் பின்னால் கூடினார்கள். வெள்ளைக் கட்டமும் பச்சைக் கட்டமும் நடுவில் கோடே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா!" என்றார் சம்பந்தி. "ஒட்டியிருக்குதுங்க. கையைப் பிடிச்சிருக்காரு. தீந்துதுங்க பிரச்சனை."

"ஆமாங்க, ஆமாங்க" என்றது கூடம்.

மாமா திரும்பினார். நேராக என்னைப் பார்த்தார்.

"அம்மணி, நீ படிச்ச புள்ள. நீ சொல்லு. இது கையைப் பிடிச்சதுதானா?"

அண்ணன் என் காதில், "ஆமான்னு சொல்லித் தொலையேன்" என்றான். அம்மாவின் கால் இன்னும் என் விரல்மேல்தான் இருந்தது. ஒரே ஒரு சொல். ஆமாங்க. அவ்வளவு போதும். எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள்.

"சொல்ல முடியாதுங்க மாமா" என்றேன்.

சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த மாதிரித் தட்டுல எடம் பத்தாதுங்க. அதனால பக்கத்துல பக்கத்துல இருக்கறதையெல்லாம் ஒண்ணாச் சேத்துப்போடும். கை பிடிச்சிருந்தாலும் இப்படித்தான் தெரியும். பிடிக்காம சும்மா நின்னிருந்தாலும் இப்படித்தான் தெரியும். ஒட்டித்தான் தெரியுமுங்க."

"அப்ப கையைப் பிடிக்கலையா?"

"அதையும் சொல்ல முடியாதுங்க."

யாரோ தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. என் ஊகம், அப்பா. இப்போதும் சொல்கிறேன், அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன். கேட்டவர் என் மாமா. அவரைப் பொய் சொல்லி ஏமாற்றி உள்ளே உட்காரவைப்பதைவிட, உண்மையைச் சொல்லி வெளியே அனுப்புவது மேல் என்று நினைத்தேன். (அந்த ஒரு நிமிடத்தில் இவ்வளவும் நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.)

மாமா மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"தூரமா நின்னிருந்தா?" என்றார்.

"என்னங்க மாமா?"

"உங்கொப்பன் தூரமா நின்னிருந்தா, அப்பவும் ஒட்டித் தெரியுமா?"

"தெரியாதுங்க. நடுவுல வேற நெறம் வந்திருக்கும். இப்படிக் கலந்திருக்குதுன்னா தோளோட தோளா நின்னிருக்கோணும். அது உறுதிங்க."

"உறுதியா?"

"உறுதிங்க மாமா. அதுல சந்தேகமே இல்லை."

மாமா தலையை ஆட்டிக்கொண்டார். "பக்கத்துல நின்னிருக்காரு" என்றார், யாரிடமும் இல்லாமல். "நான் இத்தனை நாளும், என்னைய அந்தக் கூட்டத்துல தனியா உட்டுப்போட்டு எங்கயோ நின்னாருன்னு நெனச்சுப்போட்டேன்."

பிறகு கையைப் பின்னால் நீட்டி ஒரு நாற்காலியைத் தேடினார். அது அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி. உட்கார்ந்தார். அப்போதுதான் காலில் செருப்பைப் பார்த்தார். பதறிப்போய்க் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, தண்ணி கொண்டா" என்றார் அம்மாவிடம். "பொள்ளாச்சியில குடிச்சது."

அம்மா என் விரலை விட்டார்.

"மச்சான்" என்றார் அப்பா, "நான் கையைப் பிடிச்சனுங்க."

"இல்லீங்க மாப்பிள்ளை. பிடிக்கலீங்க."

"பிடிச்சனுங்களே."

"அதுதான் இல்லீங்கறேன். பக்கத்துல நின்னீங்க. ஒத்துக்கறேன். பிடிக்கலீங்க."

இலை போடும்வரை இது நடந்தது. இலையில் உட்கார்ந்த பிறகும் நடந்தது.

அன்று சாயங்காலமே தீர்ப்பு வெளியாகிவிட்டது. குடும்பத்தைச் சேர்த்து வைத்தது செல்வராஜண்ணனின் சீனத்துப் பெட்டி. குடும்பத்தைக் கெடுக்கப் பார்த்தது என்னுடைய டிவிடி பிளேயர். தெளிவாகத் தெரிந்திருந்தால் மாமா போர்டிகோவிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார், மங்கலாகத் தெரிந்ததால்தான் உள்ளே வந்தார் என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தில் இருக்கும் ஓட்டைகளை நான் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். முதலாவது, தெளிவாகத் தெரிந்திருந்தால் வழக்கே ஒரு நொடியில் முடிந்திருக்கும். இரண்டாவது, மாமாவைச் சமாதானப்படுத்தியது படமே இல்லை, படத்தில் என்ன தெரியவில்லை என்று நான் சொன்ன விளக்கம். மூன்றாவதைச் சொல்ல என்னை ஒருவரும் விட்டதில்லை. "ஆரம்பிச்சுப்போட்டா" என்று எழுந்து போய்விடுவார்கள்.

"ஒட்டித்தான் தெரியும்" என்பது எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அண்ணனும் அண்ணியும் சண்டை போட்டுக்கொண்டு ஒரே பைக்கில் விசேஷத்துக்கு வந்து இறங்கினால், யாராவது சொல்வார்கள், "தூரத்துல பாத்தா ஒட்டித்தானுங்க தெரியும்." என் கல்யாணத்தில், நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, மாமாவே மைக்கில்லாமல் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி இதைச் சொன்னார். என் கணவருக்கு விஷயம் விளங்க வைக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது.

காலம் யார் பக்கம் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். விசிடி ஒழிந்தது. இரண்டு வருடம் என்று நான் எழுதியிருந்தேன், கொஞ்சம் கூடுதலாக ஆனது. ஆனாலும் ஒழிந்தது. இன்றைக்குக் காந்திபுரத்தில் பிளாட்பாரத்தில்கூட டிவிடிதான் விற்கிறார்கள். செல்வராஜண்ணன் வீட்டில் இருப்பதும் டிவிடி பிளேயர்தான். வாங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து, எது நல்லது என்று கேட்டார். சொன்னேன். அதிலும் இரண்டு மைக் குத்தலாமா என்று கேட்டார்.

இப்போதைய நிலவரம் இது. கல்யாண சிடியின் சாயம் மங்கிவிட்டது. எங்களிடம் ஒன்று, மாமாவிடம் ஒன்று, காங்கேயத்தில் ஒன்று என மூன்று பிரதிகள். மூன்றையும் எந்தப் பெட்டியும் படிப்பதில்லை. ஆதாரம் என்று சொல்ல இனி எதுவும் கிடையாது. அப்பா கையைப் பிடித்ததாகவே சொல்கிறார், மாமா பிடிக்கவில்லை என்றே சொல்கிறார். போன வாரமும் சொன்னார்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.